கூண்டில் இல்லாத எலி

– நாலாம் கூண்டு மொத்தமும் இருட்டு. ஒரு ட்யூப்ல கூட வெளிச்சம் இல்ல. என்னடா பண்ணி வெச்சிருக்கே?

– நானா? நான் என்னக்கா பண்ணேன்... எலிக்குத் தண்ணி வெப்பேன், கூண்டு கழுவுவேன். அளக்கறது நீ.

– பேச்சை மாத்தாதே. மூணாம் கூண்டைப் பாரு, எப்படி ஜொலிக்குது. அஞ்சாம் கூண்டு அதுக்கும் மேல. நடுவுல இது மட்டும் பூட்டின வீடு மாதிரி கிடக்கு.

– வெளிச்சத்தை அளக்கற உன் மெஷின்ல கோளாறா இருக்கும்.

– மெஷின் மேல பழியைப் போட்டா அது வாயைத் திறந்து சண்டைக்கு வராதுங்கற தைரியம். வெறும் ட்யூப் வெச்சுப் பாத்துட்டேன், ஒழுங்காத்தான் இருக்கு. எலிங்க உடம்புலேருந்து எடுத்த கட்டியை அரைச்சது நான், சாறு எடுத்தது நான். எல்லாம் ஒரே கை, ஒரே ஐஸ் பெட்டி.

– அப்போ ட்யூப்ல தீனி சரியா விழுந்திருக்காது...

– தீனி ஊத்தறது யாரு? நீதானே? அஞ்சாம் கூண்டுக்கு விழுந்த தீனி நாலாம் கூண்டுக்கு மட்டும் விழாம போயிடுமா?

– சரி, சரி, கோவிச்சுக்காதே. கட்டில உயிர் இருந்தா அந்த என்சைம் இருக்கும். அதுக்குத் தீனி போட்டா வெளிச்சம் வரும். உயிர் இல்லன்னா இருட்டு. நீ சொல்லிக் குடுத்ததுதானே? அப்போ நாலாம் கூண்டுல பெரியவர் வீட்டைக் காலி பண்ணிட்டுப் போயிட்டார்னு அர்த்தம். நல்ல விஷயம்தானே?

– நல்ல விஷயமாமே! மின்மினிப் பூச்சியோட என்சைமை அந்தப் பெரியவரோட செல்லுக்குள்ள நுழைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர் அவ்வளவு லேசா கிளம்பற ஆளா?

– உனக்கு பயமா இருக்காதாக்கா?

– எது?

– யாரோ ஒரு மனுஷன். பேர் தெரியாது, ஊர் தெரியாது. நாம பிறக்கறதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டார். அவர் உடம்புல வந்த புத்துநோய்க் கட்டி மட்டும் இன்னும் சாகாம இருக்கு. இங்க வளருது, எலிக்குள்ள வளருது... காலைல நான் கூண்டைத் திறக்கறப்போ, ‘பெரியவரே, சவுக்கியமா’ன்னு கேட்டுட்டுத்தான் திறக்கறேன்.

– பதில் சொல்றாரா?

– இது வரைக்கும் இல்ல.

– சொன்னா அன்னிக்கு லீவு எடுத்துக்கோ. இப்போ விஷயத்துக்கு வா. எலி உடம்பு வேத்து ஆள் செல்லைச் சும்மா விடாது, அடிச்சு விரட்டும். விரட்டாம இருக்கத்தான் தண்ணில மருந்து கலக்கறோம். அந்த மருந்தைக் குடிக்கற வரைக்கும் யார் வந்தாலும் ‘வாங்க, உக்காருங்க’ன்னு சொல்லும். நாலாம் கூண்டுக்கு மருந்து கலந்தியா?

– உன்னை மாதிரி.

– என்னது?

– இல்ல... நீயும் அதே மருந்தைத்தானே முழுங்கறே, மாத்திரையா. அதனாலதானே என் கிட்னியை உன் உடம்பு ‘வாங்க, உக்காருங்க’ன்னு வெச்சிருக்கு.

– வாய் கொழுப்பு. கேட்டதுக்குப் பதில் சொல்லு.

– என்ன கேட்டே?

– தண்ணி பாட்டில் எங்க?

– கழுவிக் கவுத்துட்டேன்.

– இன்னிக்குன்னு பாத்து சுத்தம்!

– நான் சுத்தமா இருந்தாலும் திட்டறே, அழுக்கா இருந்தாலும் திட்டறே. முதல்ல நீ உக்காரு. காலைலேருந்து நின்னுட்டே இருக்கே. காலைப் பாரு, பூசணிக்காய் மாதிரி வீங்கி இருக்கு.

– நின்னா வீங்கத்தான் செய்யும்.

– செருப்புக்கு வார் கூட போடல நீ.

– உன் கண்ணு எலியைப் பாக்கட்டும். என் காலைப் பாக்க வேணாம்.

– ஒண்ணுக்கு ஒழுங்கா போகுதா?

– சீ! என்னடா கேள்வி இது!

– கிட்னி குடுத்தவன் கேக்கறேன். எனக்கு உரிமை இருக்கு.

– போகுது, போகுது. உன் கிட்னிக்கு ஒரு குறையும் வைக்கல நான். கண்ணு மாதிரி பாத்துக்கறேன்.

– தெரியும்... மாத்திரை?

– போட்டாச்சு. நீதானே டப்பால வாரம் முழுக்க அடுக்கி வெச்சுட்டுப் போறே. அம்மா இருந்திருந்தாகூட இப்படிப் பண்ணியிருக்க மாட்டாங்க. ஒரு வேளை தவறினது இல்ல, போதுமா?

– ம்...

– என்ன ‘ம்’?

– ஒண்ணும் இல்ல. சீக்கிரம் முடி. கிளம்பலாம்.

– எங்க கிளம்பறது? மணி மூணுதான் ஆகுது. பெரிய டாக்டர் கூட்டம் முடிஞ்சு வர்றதுக்குள்ள இதை முடிச்சாகணும். நீ ஏன் காலைலேருந்து வண்டிச் சாவியைக் கைல வெச்சு ஆட்டிட்டே இருக்கே?

– சும்மாதான்... கைல என்னக்கா கட்டு?

– கத்தி பட்டுது. காய் நறுக்கறப்போ.

– நேத்து வீட்ல நான்தானே சமைச்சேன்.

– முந்தா நேத்து.

– முந்தா நேத்தும் நான்தான்.

– ஏதோ ஒரு நாள்! வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை பண்ணாதே. அஞ்சாம் கூண்டுல கடைசி ட்யூப் எடு.

– இந்தா... அக்கா.

– ம்?

– ஐஸ்ல இன்னும் ஒரு ட்யூப் இருக்கு.

– இருக்கட்டும்.

– மூடில நம்பர் இல்ல.

– தெரியும்.

– நம்பர் எழுதாம ஒரு ட்யூப் வெச்சேன்னு போன வருஷம் என்னைப் பெரிய டாக்டர் முன்னாடி நிக்க வெச்சுத் திட்டினியே... ஞாபகம் இருக்கா? ‘நம்பர் இல்லாத ட்யூப் அப்பன் பேர் தெரியாத பிள்ளை’ன்னு சொன்னே.

– இதுக்கு அப்பன் பேர் தெரியும். அங்கேயே இருக்கட்டும், கடைசில பாக்கலாம்.

– எந்தக் கூண்டு?

– கூண்டுல இல்ல அந்த எலி.

– தப்பிச்சுடுச்சா? ஐயோ, எப்போ? எண்ணிக்கை சரியா இருந்துதே...

– தப்பிக்கல. எங்கேயும் ஓடல.

– பின்ன?

– வெளில நடமாடிட்டு இருக்கு.

– என்னக்கா சொல்றே? வெளிலன்னா?

– வேலைக்குப் போகுது, வருது. ராத்திரி தூக்கம் மட்டும் கம்மி.

– விளையாடறியா?

– ஆமா. கொஞ்ச நேரம் விளையாடிக்கறேனே... விடு.

– தீனி ஒழுங்கா தின்னுதா?

– வாய்க்கு ருசி இல்லையாம். காசை வாயில போட்டுச் சப்பின மாதிரியே இருக்காம்.

– எவ்வளவு நாளா?

– பாரு, நீயும் சேந்து விளையாட ஆரம்பிச்சுட்டே.

– எவ்வளவு நாளாக்கா?

– மூஞ்சியை ஏன் அப்படி வெச்சுக்கறே? ஒரு மூணு வாரமா இருக்கும்.

– ஒரு விஷயம் சொல்லட்டுமா? பயப்படாதே.

– பயமுறுத்தறதுக்கு முன்னாடி எல்லாரும் சொல்றதுதான் இது. சொல்லு.

– நம்ம எலிங்க உன்னைக் கண்டா மூலைக்கு ஓடுமே. ஊசி போடற கைன்னு அதுகளுக்குத் தெரியும். மழை ஆரம்பிச்சப்போலேருந்து ஓடல. நீ உள்ள வந்தா எல்லாக் கூண்டுலயும் சத்தம் நின்னுடும். அப்புறம் ஒண்ணொண்ணா கம்பிக்கிட்ட வந்து, பின்னங்கால்ல எழுந்து நின்னு... உன் இடது கையையே பாத்து மோந்துட்டு இருக்கும்.

– நானும் பாத்தேன்.

– நீ பாத்தியா?

– பாக்காம என்ன? சொந்தக்காரி வந்த மாதிரி வரிசையா நிக்குதுங்க. முதல் நாள் எனக்கு உள்ளங்கால் வரைக்கும் சில்லுன்னு ஆயிடுச்சு.

– என்கிட்ட சொல்லவே இல்ல.

– நீயும்தான் சொல்லல.

– ஆனா இந்த வாரம் நின்னு போச்சுக்கா. மறுபடியும் உன்னைக் கண்டா ஓடுது.

– அப்படியா?

– நேத்து கவனிச்சேன். ஒண்ணு விடாம எல்லாம் மூலைக்கு ஓடுச்சு.

– அது... எனக்குத் தெரியாது.

– சரி, இப்போ சொல்லு. அந்த ட்யூப் யாரோடது?

– கதவைச் சாத்து.

– சாத்தித்தான் இருக்கு. இந்த ரூம்ல ஜன்னல் கூட கிடையாது. பெரிய லைட்டையும் அணைச்சுத்தான் வெச்சிருக்கோம்.

– தாழ்ப்பாளும் போடு... போட்டியா? ஆறாம் கூண்டுக்கு நான் ஊசி போட்டேனே, அன்னிக்கு நீ பக்கத்துலதான் இருந்தே. ஒரு எலி மேஜை மேல ஓடிச்சே.

– ஓடிச்சு. இத்தனை வருஷத்துல நீ எலியைக் கை நழுவ விட்டு நான் பாத்தது அன்னிக்குத்தான். ‘கடிச்சுடுச்சு’ன்னு சொன்னே.

– கடிக்கல. ஊசி இறங்கிடுச்சு. எலித் தோலை இடது கையால தூக்கிப் பிடிச்சிருந்தேன். ஊசி தோலோட இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்து... ஆள்காட்டி விரல்ல.

– ஊசில பெரியவர் இருந்தாரா?

– முழுசா இருந்தார்.

– யார்கிட்டயாவது சொன்னியா?

– எதுக்கு? இத்தனை வருஷத்துல எத்தனை பேருக்குக் குத்தியிருக்கு? கையைக் கழுவிட்டு வேலையைப் பாத்துட்டுப் போயிடுவாங்க. வேத்து ஆள் செல் நம்ம உடம்புல ஒட்டாது. உடம்பு அடிச்சுத் துரத்திடும்.

– அவங்க உடம்பு துரத்தும்.

– ஆமா. என் உடம்பு ‘வாங்க, உக்காருங்க’ன்னு சொல்ற உடம்புங்கறது வீட்டுக்குப் போய் மாத்திரையைக் கைல எடுத்தப்போதான் எனக்கு உறைச்சுது.

– அக்கா...

– முதல்ல மிளகு மாதிரி இருந்துது. அப்புறம் பட்டாணி. இந்தக் கட்டுக்குக் கீழதான் இருக்கு. கத்தியும் படல, காயும் நறுக்கல.

– கிட்னி டாக்டர்கிட்ட காட்டலாம் இல்ல?

– அவர் என்ன சொல்வார்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாதா மாதம் போற ரத்தப் பரிசோதனைக்குக் கூட ரெண்டு தடவை போகல. விரலைப் பாத்துடுவார்னு பயம்.

– அப்போ இந்த ட்யூப்ல இருக்கறது...

– என் விரல். நேத்து நானே எடுத்தேன். மரத்துப் போற மருந்து தடவி, நம்ம சின்னக் கத்தியாலேயே, எலிக்குப் பண்ற மாதிரியே. அப்படியே உறைய வெச்சேன், அரைச்சேன், சுத்த வெச்சேன், சாறு எடுத்தேன். எலிக்கு எவ்வளவு எடை எடுப்போமோ அதே எடை. மூடில எழுதறதுக்கு மட்டும் நம்பர் இல்ல.

– உனக்கு என்ன மனசுக்கா...

– இது ரெண்டாவது தடவை.

– என்ன?

– மழை ஆரம்பிச்சப்போ ஒரு தடவை எடுத்துப் பாத்தேன். நீ அன்னிக்குக் கூண்டு கழுவிட்டு இருந்தே. வெளிச்சம் வந்துது. அஞ்சாம் கூண்டு மாதிரியே.

– ம்...

– நம்பலையா?

– நம்பறேன். ஏன் நம்பாம.

– அன்னிக்கு வீட்டுக்குப் போயும் மனசு ஆறல. கொஞ்சம் தீனியைக் குப்பில எடுத்துட்டுப் போயிருந்தேன். குளிக்கற ரூம்ல லைட்டை அணைச்சுட்டு, விரல்ல ஊசியால கீறி, அதைத் தடவினேன்.

– அந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாதேக்கா. மெஷினுக்கு மட்டும்தானே தெரியும்.

– ஊருக்கே அதைச் சொல்லிக் குடுக்கறவ நான்தான். ஆனா தெரிஞ்சுதுடா. மங்கலா, பச்சையும் மஞ்சளுமா. தெருவிளக்கு வெளிச்சமா இருக்கும்னு ஜன்னல்ல துண்டைத் தொங்க விட்டேன். அப்பவும் தெரிஞ்சுது. கதவுக்குக் கீழ இடுக்கை அடைச்சேன். அப்பவும்... அது சும்மா எரியல. கூடிச்சு, குறைஞ்சுது. யாரோ மூச்சு விடற மாதிரி.

– உன் நாடித் துடிப்பா இருக்கும்.

– எண்ணிப் பாத்தேன். என் நாடி வேற, அது வேற.

– வேணாம்க்கா, சொல்லாதே.

– காலைல கூண்டைத் திறந்து ‘சவுக்கியமா’ன்னு கேக்கற ஆளுதானே நீ? இங்கயும் கேளேன். ஒரே உடம்புல மூணு குடித்தனம். வீட்டுக்காரி நான். நீ வந்தது நான் கும்பிட்டுக் கூப்பிட்டதால. அவர் வந்தது சொல்லாம கொள்ளாம.

– சிரிக்காதே.

– அழுதா மட்டும் போயிடுவாரா?

– போக வெக்கலாம் இல்ல? மாத்திரையை நிறுத்தினா உன் உடம்பு முழிச்சுக்கும். அவரைத் துரத்திடும்.

– துரத்தும். அவருக்கும் உனக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது. இருக்கறது ஒரே வாசல். அவரை வெளிய தள்ளத் திறந்தா உன் கிட்னியும் அதே வழியா போயிடும்.

– போகட்டுமே.

– அடிச்சேன்னா பாரு! போகட்டுமாம். மெஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்ணிட்டு மூணு வருஷம் நான் கிடந்ததைப் பாத்தவன் பேசற பேச்சா இது? வயித்தைக் கிழிச்சு எடுத்துக் குடுத்தியே, அதை நான் தூக்கிக் குப்பைல போடணுமா?

– உயிரோட இருந்தா வேற ஒண்ணு கிடைக்கும்.

– உன்னோடது கிடைக்குமா? உன்கிட்ட இருக்கறது இன்னும் ஒண்ணுதான்.

– அப்போ இன்னிக்கும் வெளிச்சம் வந்தா என்ன பண்ணுவே?

– விரலை எடுக்கச் சொல்வேன். கையை எடுக்கச் சொல்வேன். மாத்திரையை மட்டும் நிறுத்த மாட்டேன்.

– விரலோட நிக்கலன்னா? உள்ள பரவியிருந்தா?

– ...அப்போ உன் கிட்னியோட சேந்தே போயிடறேன். போறப்போ துணைக்கு ஆள் இருக்கும்.

– பைத்தியக்காரி மாதிரி பேசாதேக்கா.

– பேசி முடிச்சாச்சு. எடு அந்த ட்யூப்பை. நீயே வெச்சுப் பாரு.

– முதல்ல வெறும் ட்யூப்?

– வெச்சுக்கோ. எலிக்கு என்ன முறையோ அதே முறை.

– வெறும் ட்யூப்... தீனி... மூடியாச்சு. வழக்கமான அளவுதான்.

– இப்போ அது.

– தீனி ஊத்தறேன்.

– இரு! ...சரி, ஊத்து. நான் சுவத்துப் பக்கம் திரும்பிக்கறேன். நீ பாத்துச் சொல்லு.

– மூடியாச்சு. ஓடுது...

– இவ்வளவு நேரமாடா ஆகும்? தெரியறவரைக்கும் வாயைத் திறக்க மாட்டியா?

– வந்துடுச்சு.

– எவ்வளவு?

– வெறும் ட்யூப் அளவு.

– பொய் சொல்லாதே.

– நீயே திரும்பிப் பாருக்கா.

– ...மூடி சரியா மூடலையா? திறந்து இன்னொரு தடவை போடு. புதுத் தீனி ஊத்து.

– போட்டாச்சு... இப்பவும் அதேதான்.

– ஒருவேளை என் ரத்தம் கலந்து வெளிச்சத்தை மறைக்குதோ என்னமோ. அஞ்சாம் கூண்டுச் சாறு ஒரு சொட்டு அதுல விடு. அப்பவும் இருட்டா இருந்தா நம்ப முடியாது.

– விட்டேன்... பாரு, கொளுத்திப் போட்ட மாதிரி ஏறுது! உன் சாறு எதையும் மறைக்கல. அதுல நிஜமாவே ஒண்ணும் இல்ல. இருட்டு.

– இருட்டு...

– ஆமாக்கா.

– இருட்டுடா! டேய்... இருட்டு! கையைக் கிள்ளு. வேணாம், இந்தக் கை இல்ல, வலது கையைக் கிள்ளு. ஐயோ, நேத்தே நெனச்சேன், கட்டி வத்தின மாதிரி இருக்கேன்னு. போன தடவை வெட்டினதால இருக்கும்னு விட்டுட்டேன். போயிட்டார்டா பெரியவர்!

– அழாதே. இந்தா, துடைச்சுக்கோ.

– அழுதா என்ன? ரெண்டு மாசமா தூங்கல நான். நீ சிரிக்கவே மாட்டேங்கறே... உனக்குச் சந்தோஷம் இல்லையா?

– இருக்கு. ரொம்ப இருக்கு. வா, கிளம்பலாம்.

– இரு, ட்யூப் எல்லாம் எடுத்து வெச்சுட்டு... அப்பா, தலை சுத்துது.

– அதான் சொல்றேன். என் தோளைப் பிடிச்சுக்கோ. வண்டி கீழேயே நிக்குது.

– எங்கடா போகணும்னு துடிக்கறே? ஆமா... அது எப்படிப் போச்சு?

– எது?

– பெரியவர். எதிர்ப்பு சக்தி இல்லாத உடம்புல அவர் வளரத்தானே செய்யணும். நான் எதையும் மாத்தலையே. அதே சாப்பாடு, அதே வேலை, அதே மாத்திரை.

– அதிர்ஷ்டம்னு வெச்சுக்கோ.

– அதிர்ஷ்டம் என் விரலுக்கு வரும். நாலாம் கூண்டுக்கும் சேந்து ஏன் வந்துது? இங்க பாரு. என் மூஞ்சியைப் பாரு. நாலாம் கூண்டுத் தண்ணில மருந்து கலந்தியா?

– கலக்கல.

– எப்போலேருந்து?

– நீ முதல் தடவை அளந்தே பாரு... அதுக்கு மறுநாள்லேருந்து.

– அளந்ததை உனக்கு நான் இப்போதானே சொன்னேன்?

– அன்னிக்குக் குப்பை வாளில நம்பர் இல்லாத ட்யூப் ஒண்ணு கிடந்துது. நீ நம்பர் எழுதாம விடற ஆள் இல்ல. எலி மேஜைல ஓடின அன்னிக்கு நீ விரலை வாயில வெச்சுட்டு நின்னதையும் பாத்திருந்தேன். ட்யூப்பை எடுத்துப் புதுத் தீனி ஊத்தி மெஷின்ல வெச்சுப் பாத்தேன். ஜொலிச்சுது.

– அப்பவே தெரியுமா உனக்கு? தெரிஞ்சுமா என்கூட உக்காந்து கதை கேட்டே?

– நீயா சொல்வேன்னு பாத்தேன். தினமும் பாத்தேன்.

– நாலாம் கூண்டை எதுக்குடா கெடுத்தே?

– மருந்தை நிறுத்தினா பெரியவர் கிளம்புவாரான்னு தெரியணுமே. தினமும் எலியைத் தடவிப் பாப்பேன். கட்டி கரைஞ்சுட்டே வந்துது. எலியும் நல்லாத்தான் இருந்துது, ஓடியாடிட்டு. அது தெரிஞ்ச பிறகுதான்...

– எலிக்குள்ள உன் கிட்னி இல்லையேடா!

– தெரியும்க்கா.

– ‘தெரிஞ்ச பிறகுதான்’னு இழுத்தியே... பிறகு என்ன பண்ணே? நான் தினமும் மாத்திரை போடறேன். உன் முன்னாடிதான் போடறேன். ஒரு வேளை விட்டதில்ல.

– விட்டதில்ல.

– டப்பாவை அடுக்கறது...

– நான்தான்.

– என் கால் இப்படி வீங்கிக் கிடக்கே... இந்த வாய்க் கசப்பு... தலை சுத்தல்...

– ஆமா.

– அப்போ இங்க, வயித்துல... அதுவும் போகுதா?

– போயிட்டு இருக்கு. அதான் வான்னு சொல்றேன். ஆஸ்பத்திரில எல்லாம் சொல்லி வெச்சிருக்கேன், இன்னிக்கே சேத்துக்குவாங்க. மறுபடியும் அந்த மெஷின்தான்... ஆனா நீ இருப்பே.

– ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா?

– கேட்டிருந்தா சரின்னு சொல்லியிருப்பியா?

– செத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

– அதான் கேக்கல. குடுத்தது நான்தானேக்கா, நானே திருப்பி வாங்கிக்கிட்டேன்னு நெனச்சுக்கோ. மெதுவா எழுந்திரு.

– விடு கையை, நானே வரேன்... பாவி, எனக்கு எப்படித் தெரியாம போச்சு? ஒவ்வொரு மாத்திரையையும் உள்ளங்கைல வெச்சுப் பாத்துத்தானே முழுங்கினேன்...

– எலிக்குன்னா வெறும் தண்ணியே போதும். உனக்குத்தான்... அதே நிறம், அதே அளவு, நடுவுல அதே கோடு... அப்படி ஒரு சத்து மாத்திரை கிடைக்கறதுக்கு ஊர்ல ஒரு கடை விடாம ஏறி இறங்கினேன்க்கா.